மாங்காய் சீசனில் மெயிலும் டிரைவும்: ஒரு கூழ் ஃபேக்டரி அலுவலகத்தின் அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மே மாதம் பிறந்துவிட்டால் மாங்கூழ் ஃபேக்டரிகளில் காயோடு சேர்ந்து சீட்டும் பில்லும் வந்து இறங்கும். பெங்களூரா ரக மாங்காய் லோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு எடைச் சீட்டு. டிரம், அசெப்டிக் பை, விறகு, லாரி வாடகை என்று எல்லாவற்றுக்கும் பில். கூழ் ஓட ஆரம்பித்ததும் லாட் (ஒரு தொகுதிக் கூழ்) வாரியாக லேப் ரிப்போர்ட். ஜூலை முடியும்வரை இதற்கு ஓய்வு கிடையாது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள அப்படி ஒரு ஃபேக்டரியின் அலுவலகத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். கணக்கு எழுதுவது, வாங்குபவர்களுக்கு ஆவணம் அனுப்புவது, ஆடிட்டருக்குப் பதில் சொல்வது எல்லாம் எங்கள் அறையில்தான்.

இந்தச் சீட்டுகளில் பாதிக்கு மேல் இப்போது காகிதமாக வருவதே இல்லை. பில் மெயிலில் பிடிஎஃப் ஆக வருகிறது. எடைச் சீட்டை வே பிரிட்ஜில் (லாரி எடை மேடையில்) இருப்பவர் செல்போனில் படம் எடுக்கிறார். லேப் ரிப்போர்ட் கூகுள் டிரைவில் ஏறுகிறது. ஆனால் மெயிலில் வந்ததை டிரைவில் போடவும், டிரைவில் இருப்பதை மெயிலில் அனுப்பவும் நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது. டவுன்லோடு, பெயர் மாற்று, அப்லோடு, மறுபடி அட்டாச் செய்து அனுப்பு என்று சீசனில் ஒருவரின் மதியம் முழுக்க இதிலேயே போகும். அந்த வேலையை, ஜிமெயிலையும் டிரைவையும் தானாக இயக்கச் சிறு நிரல்களை எழுதி ஓட்ட உதவும் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்துச் சில சீசன்கள் ஆகின்றன. இங்கே கிரானைட் யார்டு நடத்துபவர்களும், ஓசூரில் உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவர்களும் இதே ஜிமெயில், இதே டிரைவ், ஒன்றிரண்டு ஆட்கள் என்றுதான் அலுவலகம் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் வேறு. எடைச் சீட்டு கணக்கில் ஏறாமல் விவசாயிக்குப் பணம் போகாது. வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து வருபவர்கள் தெலுங்கில் கேட்பார்கள், போச்சம்பள்ளிக்காரர்கள் தமிழில் கேட்பார்கள். கேள்வி ஒன்றுதான்: பணம் எப்போது வரும்? ஒரு சீட்டின் படம் யாரோ ஒருவரின் போனில் கிடக்கிறது என்பதற்காக ஒரு வருஷ விளைச்சலின் பணம் நிற்கக்கூடாது. அதனால் நாங்கள் செய்த ஒவ்வொரு ஏற்பாட்டையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டோம்: ஒரு சீட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் சொல்ல முடியுமா? எடுத்துச் செல்லும் வேலையை மெஷினிடம் விடலாம். வெளியே எதை அனுப்புவது என்ற முடிவு ஆளிடம்தான் இருக்க வேண்டும்.

பெயர் வைப்பதுதான் முதல் வேலை

ஸ்கிரிப்ட் எழுத உட்காருவதற்கு முன்னால் ஃபைலுக்குப் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும். வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குவது நல்லது. 2025-06-14 என்று எழுதினால் ஃபோல்டரில் எல்லாம் தானாகவே நாள் வரிசையில் நிற்கும். தேதியை முன்னால் போட்டு 14-06-2025 என்று எழுதினால் மே 14, ஜூன் 14, ஜூலை 14 மூன்றும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தேதிக்குப் பிறகு ஆவண வகை, அப்புறம் சீட்டு எண் அல்லது லாட் எண், கடைசியில் கொடுத்தவரின் குறியீடு. ஆள் பெயரை ஃபைல் பெயரில் வைக்க வேண்டாம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் காய் போடுகிறார்கள், எழுத்தும் ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு மாதிரி வரும்.

இந்தப் பெயரை வே பிரிட்ஜ் தம்பியிடம் சொன்னபோது, “லோடு வரிசையா நிக்கிறப்ப இவ்ளோ டைப் பண்ண முடியாதுக்கா” என்றான். நியாயம்தான். வெயிலில் லாரி நிற்க நிற்கக் காயின் எடை குறையும், டிரைவருக்கும் பொறுமை இருக்காது. அதனால் கூகுள் ஃபார்ம் ஒன்று வைத்தோம். சீட்டு எண், வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அப்புறம் படம். அவ்வளவுதான் அவன் தர வேண்டியது. ஃபார்மில் ஃபைல் ஏற்றும் கேள்வி வைக்கலாம். ஏற்றுபவர் கூகுள் கணக்கில் உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. படம் ஃபார்மின் உரிமையாளருடைய டிரைவில் போய்ச் சேரும். பெயர் மாற்றுவதை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்.

ஃபார்ம் வைத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. டிரைவ் ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் விழுந்தால் உடனே ஓடு என்று சொல்ல ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நேரடி வழி இல்லை. இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார் என்றுதான் சொல்லலாம். ஆனால் ஃபார்ம் நிரப்பப்பட்ட அந்த நொடியில் ஓட வைக்கலாம். எடை போட்ட லாரி கேட்டைத் தாண்டுவதற்குள் சீட்டு எங்கள் கூகுள் ஷீட்டில் வரிசையாகப் பதிவாகிவிடும். அதே சீட்டு எண் ஏற்கெனவே இருந்தால் அந்த வரி சிவப்பாகும். இருமுறை ஏற்றினானா, எண் தவறா என்று அப்போதே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். சாயங்காலம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

மெயிலிலிருந்து டிரைவுக்கு

பில் எல்லாம் ஒரே பொது ஜிமெயிலுக்கு வரும்படி எல்லா விற்பனையாளர்களிடமும் சொல்லிவிட்டோம். அந்தக் கணக்கு அலுவலகத்துக்கென்றே தனியாகத் திறந்தது. ஸ்கிரிப்டுக்கு அனுமதி கொடுக்கும்போது அது அந்த மெயில் பெட்டியை முழுக்கப் படிக்கவும் அனுப்பவும் உரிமை கேட்கும். முதலாளியின் சொந்த மெயிலில் இதைச் செய்வது சரியில்லை. நாமே எழுதிய ஸ்கிரிப்டாக இருந்தாலும், கூகுள் இந்தச் செயலியைச் சரிபார்க்கவில்லை என்று ஒரு எச்சரிக்கைத் திரை வரும். நம் கணக்கில் நாம் எழுதியதுதான் என்றால் பயப்பட வேண்டியதில்லை. வேறு யாரோ அனுப்பிய ஸ்கிரிப்டுக்கு இந்தத் திரை வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஜிமெயில் ஃபில்டர் ஒன்று: தெரிந்த விற்பனையாளரின் முகவரியிலிருந்து அட்டாச்மென்ட்டோடு வந்தால் ‘பில்’ என்று லேபிள் போடு. ஸ்கிரிப்ட் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, அந்த லேபிள் உள்ள மெயில்களைத் திறந்து, பிடிஎஃப்களை அந்த மாத ஃபோல்டரில் போடும். கேட்க எளிதாக இருக்கிறது. எழுதுவதும் எளிதுதான், இருபது முப்பது வரிக்கு மேல் வராது. ஆனால் உண்மையான மெயில் பெட்டியில் ஓடும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

முதலாவது, லேபிள் விஷயம். ஸ்கிரிப்ட் லேபிள் போடும்போது அது ஒரு மெயிலுக்கு மட்டும் என்று போடாது. ரிப்ளைகள் எல்லாம் சேர்ந்த அந்தச் சங்கிலி முழுவதற்கும் போடும். சில விற்பனையாளர்கள் மே மாதம் அனுப்பிய முதல் மெயிலுக்கே ரிப்ளை போட்டுப் போட்டு சீசன் முழுக்க பில் அனுப்புவார்கள். டிரம் சப்ளை செய்யும் ஒருவர் எங்களுக்கு அப்படித்தான். ‘சேமித்தாச்சு’ என்ற லேபிளை மட்டும் நம்பினால் புது பில் விட்டுப்போகலாம், அல்லது பழையவை எல்லாம் மறுபடி வந்து விழலாம். இதற்குத் தீர்வு ஒவ்வொரு மெயிலுக்கும் ஜிமெயில் கொடுக்கும் தனி அடையாள எண். சேமித்ததும் அந்த எண்ணை ஒரு ஷீட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை ஓடும்போது அந்த எண் ஷீட்டில் இருந்தால் தாண்டிப் போ, இல்லையென்றால் சேமி. இதைச் செய்த பிறகுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாவது, டிரைவில் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் எத்தனை ஃபைல் வேண்டுமானாலும் இருக்கலாம். கம்ப்யூட்டரில் இருப்பதுபோல் ‘இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது’ என்று தடுக்காது. எல்லோரும் ‘இன்வாய்ஸ்’ என்ற பெயரிலேயே பிடிஎஃப் அனுப்புகிற உலகத்தில் இது பெரிய சிக்கல். அதனால் வந்த பெயரை அப்படியே வைக்காமல் மெயில் வந்த தேதியையும் அனுப்பியவர் குறியீட்டையும் முன்னால் சேர்த்துத்தான் ஸ்கிரிப்ட் சேமிக்கிறது.

மூன்றாவது, மெயிலின் அடியில் கையெழுத்துப் பகுதியில் இருக்கும் கம்பெனி லோகோ. அதையும் அட்டாச்மென்ட் என்றே கணக்கில் எடுக்கும். மெயிலுக்குள் பதிந்த படங்களைச் சேர்க்காதே என்று ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் பில் ஃபோல்டரில் பில்லைவிட லோகோ அதிகமாக இருக்கும்.

நேர மண்டலத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஸ்கிரிப்டின் அமைப்பில் ஆசியா/கொல்கத்தா என்று இருக்க வேண்டும். அமெரிக்க நேரத்தில் இருந்தால் இங்கே காலையில் வந்த பில் அங்கே முந்தைய நாளின் தேதியில் பதிவாகும். மாதத்தின் முதல் நாளில் அது நேராகப் போன மாத ஃபோல்டருக்கே போய்விடும்.

இதையெல்லாம் விட ஆபத்தானது கண்ணுக்கே தெரியாத ஒன்று. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் அட்டாச்மென்ட் அனுப்ப முடியாது. அதற்கு மேல் போனால் ஜிமெயிலே ஃபைலை டிரைவில் ஏற்றி லிங்க் ஆக்கிவிடும். மெயிலைத் திறந்து பார்க்கும் நமக்கு அது அட்டாச்மென்ட் போலவே தெரியும். ஸ்கிரிப்டுக்கு அங்கே அட்டாச்மென்ட் எதுவும் இல்லை. ஸ்கேன் செய்த பில் கட்டு, கன்டெய்னரில் டிரம் ஏற்றிய படங்கள் எல்லாம் இப்படித்தான் வரும். எனவே தெரிந்த முகவரியிலிருந்து அட்டாச்மென்ட் இல்லாமல் வந்து, உள்ளே டிரைவ் லிங்க் மட்டும் இருக்கும் மெயில்களை ‘கையால் பார்க்க’ என்ற தனி லேபிளில் ஒதுக்கச் சொன்னோம். கடவுச்சொல் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்டுகளும் அதிலேயே போகும். எல்லாவற்றையும் மெஷினே செய்ய வேண்டும் என்று நினைக்கக் கூடாது. தன்னால் முடியாததை ஒரு இடத்தில் ஒதுக்கி வைக்கத் தெரிந்தால் போதும்.

டிரைவிலிருந்து மெயிலுக்கு

இது வெளியே போகும் வேலை. இங்கே நிதானம் இரட்டிப்பாக வேண்டும்.

கூழ் வாங்கும் நிறுவனங்களுக்கு ஒவ்வொரு லாட்டுக்கும் சிஓஏ எனப்படும் லேப் சான்று போக வேண்டும். பிரிக்ஸ் எனப்படும் சர்க்கரை அளவு, புளிப்பு, பிஹெச், கரும்புள்ளி, நுண்ணுயிர் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். பிரிக்ஸ் அன்றைக்கே தெரிந்துவிடும். ஈஸ்ட், பூஞ்சை முடிவு வர இன்குபேஷனில் 5 நாள் வைக்க வேண்டும். ஆகவே ஒரே லாட்டின் சான்று முதலில் அரைகுறையாக டிரைவில் உட்கார்ந்து, பிறகு நிரம்பும். ஃபைல் வந்தவுடன் மெயில் அனுப்பு என்று ஸ்கிரிப்ட் வைத்தால் பாதிச் சான்று வெளியே போய்விடும்.

இதற்கு எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை, மூன்று ஃபோல்டர் போதுமாக இருந்தது. ‘தயாராகிறது’, ‘அனுப்பலாம்’, ‘அனுப்பியாச்சு’. சான்று முழுமையானதும் லேப் மேடம் பார்த்துவிட்டு அதை முதல் ஃபோல்டரிலிருந்து இரண்டாவதுக்கு நகர்த்துவார். அந்த நகர்த்தல்தான் அவருடைய கையெழுத்து. ஸ்கிரிப்ட் இரண்டாவது ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கும். மெயில் தயாரானதும் ஃபைலை மூன்றாவதுக்குத் தள்ளும். டிரைவில் ஃபைலை எங்கே நகர்த்தினாலும், பெயரை மாற்றினாலும் அதன் அடையாள எண் மாறாது, பழைய லிங்க்கும் வேலை செய்யும். எனவே ஷீட்டில் அந்த எண்ணை வைத்துக்கொண்டால் எந்தச் சான்று எந்த நிலையில் இருக்கிறது என்று எப்போதும் சொல்லலாம்.

மெயில் ‘தயாரானதும்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். வாங்குபவருக்குப் போகும் மெயிலை ஸ்கிரிப்ட் தானே அனுப்புவதில்லை. பெறுநர், பொருள், உள்ளடக்கம், பிடிஎஃப் எல்லாம் சேர்த்து டிராஃப்ட்டாக வைக்கும். மேலாளர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை டிராஃப்ட்டுகளைத் திறந்து பார்த்து அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. சாதாரண பெங்களூரா கூழுக்குக் குறைந்தது 14 பிரிக்ஸ் கேட்பார்கள், கெட்டியாக்கிய கூழான கான்சென்ட்ரேட்டுக்கு 28. ஒன்றின் சான்று மற்றொன்றை வாங்குபவருக்குப் போனால் மெயிலைத் திரும்பப் பெற வழி இல்லை. ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்ய அதிகபட்சம் 30 வினாடிதான்.

பெறுநர் முகவரியை ஃபைல் பெயரிலிருந்தோ, பழைய மெயிலிலிருந்தோ எடுக்கக் கூடாது. ஃபைல் பெயரில் வாங்குபவரின் குறியீடு மட்டும் இருக்கும். அந்தக் குறியீட்டுக்கு எந்த முகவரி என்பது ஒரு ஷீட்டில் இருக்கும். அந்த ஷீட்டைத் திருத்தும் உரிமை இருவருக்கு மட்டும். குறியீடு பொருந்தவில்லை என்றால் டிராஃப்ட் எங்கள் அலுவலக முகவரிக்கே போடப்படும், வெளியே யாருக்கும் இல்லை.

லிங்க்கா, அட்டாச்மென்ட்டா என்று பலர் கேட்கிறார்கள். அலுவலகத்துக்குள் லிங்க் போதும். வெளியே போகும் சான்றுக்கு பிடிஎஃப்பையே அட்டாச் செய்வோம். லிங்க் என்றால் பார்க்கும் உரிமை கொடுக்க வேண்டும். மறந்தால் அவர்கள் அனுமதி கேட்டு மெயில் போடுவார்கள், கன்டெய்னர் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கும். ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று திறந்துவிட்டால் அது யார் கைக்கெல்லாம் போகும் என்று தெரியாது. இன்னொன்று, அதே லிங்க்கில் ஃபைலின் புது பதிப்பை ஏற்ற முடியும். சான்று என்பது கொடுத்த நாளில் கொடுத்தபடியே இருக்க வேண்டிய ஆவணம். அது அவர்களின் மெயில் பெட்டியில் பிரதியாக இருப்பதுதான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

அளவுகளும் இடமும்

இலவச ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளைக்கு 100 பெறுநர்களுக்குத்தான் மெயில் போகும். 100 மெயில் இல்லை, 100 பெறுநர். ஒரே மெயிலில் மூன்று பேருக்கு நகல் போட்டால் அவர்களும் சேர்த்துத்தான் கணக்கு. காசு கட்டும் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் அது 1,500. ஒவ்வொரு லோடுக்கும் கணக்குப் பிரிவுக்கு ஒரு மெயில் என்று வைத்தால் சீசன் உச்சத்தில் மதியத்துக்குள் அளவு தீர்ந்துவிடும். அதனால் லோடு விவரங்களைச் சேர்த்து வைத்து மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று பட்டியலாக அனுப்புகிறோம். படிப்பவருக்கும் அதுதான் வசதி. ஒரு முறை ஓடும் ஸ்கிரிப்ட் 6 நிமிடத்துக்கு மேல் ஓட முடியாது, நடுவில் நின்றுவிடும். ஒரு தடவைக்கு இத்தனை மெயில்தான் என்று வரம்பு வைத்து, மிச்சத்தை அடுத்த தடவைக்கு விட வேண்டும்.

இடம்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுவது. இலவசக் கணக்கின் 15 ஜிபி என்பது டிரைவுக்கு மட்டும் இல்லை. ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஒரு பில் மெயிலிலும் இருக்கிறது, அதன் பிரதி டிரைவிலும் இருக்கிறது என்றால் இரண்டு மடங்கு இடம். இப்போதைய செல்போன்களில் எடுக்கும் படம் ஒவ்வொன்றும் பல எம்பி. இடம் நிறைந்தால் டிரைவில் ஏற்ற முடியாமல் போவது மட்டும் இல்லை, அந்தக் கணக்குக்கு மெயில் வருவதும் நின்றுவிடும். அனுப்பியவருக்கு மெயில் திரும்பிப் போகும். நமக்கு எதுவுமே தெரியாது. ஃபைலை நகலெடுக்க நாம் வைத்த ஏற்பாடே மெயிலை அடைத்துவிடும். வே பிரிட்ஜ் போனில் கேமரா அளவைக் குறைத்து வைத்தோம். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் போதும். எவ்வளவு இடம் மிச்சம் என்பதை ஸ்கிரிப்டாலேயே பார்க்க முடியும், அதையும் தினசரி மெயிலில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

அந்தத் தினசரி மெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்கிரிப்ட் பிழையால் நின்றால் கூகுள் அதை அமைத்தவருக்கு மெயில் அனுப்பும். ஆனால் பிழையே இல்லாமல் எதையும் கண்டுபிடிக்காமல் ஓடினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரு விற்பனையாளர் தன் மெயில் முகவரியை மாற்றிக்கொண்டார் என்று வையுங்கள். ஃபில்டர் பொருந்தாது, லேபிள் விழாது, ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடி ஒன்றுமில்லை என்று முடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆகவே தினமும் இரவு ஒரு மெயில் வரும்: இன்று எத்தனை மெயில் பார்த்தது, எத்தனை சேமித்தது, எத்தனையை ஒதுக்கியது, எந்த விற்பனையாளரிடமிருந்து ஒரு வாரமாக எதுவும் வரவில்லை, எத்தனை எடைச் சீட்டு ஏறியது. ஒன்றும் நடக்காத நாளிலும் பூஜ்யம் என்று வரும். அந்த மெயிலே வரவில்லை என்றால் ஏதோ நின்றுவிட்டது என்று பொருள். எடைச் சீட்டு எண்ணிக்கையை வே பிரிட்ஜ் நோட்டில் உள்ள கடைசி எண்ணோடு ஒப்பிடுவதற்கு ஒரு நிமிடம் போதும். இந்த ஒப்பீட்டை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை, ஏனென்றால் விட்டுப்போன ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு விவசாயி இருக்கிறார்.

பில் வந்தால் பணம் என்று ஆகிவிடக் கூடாது

தானாக ஓடும் ஏற்பாட்டில் நான் மிகவும் பயப்படுவது மோசடி மெயில்களுக்குத்தான். தெரிந்த கம்பெனியின் பெயரில், கிட்டத்தட்ட அதே போன்ற முகவரியிலிருந்து ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்’ என்று பில்லோடு வரும். சாதாரணமாக மெயிலைத் திறந்து படித்தால் சந்தேகம் வரலாம். ஆனால் ஸ்கிரிப்ட் அந்த பிடிஎஃப்பை எடுத்து, அழகாகப் பெயர் வைத்து, நம்முடைய ‘பில்’ ஃபோல்டரில் போட்டுவிட்டால்? ஃபோல்டரைத் திறப்பவருக்கு அது யாரோ சரிபார்த்து வைத்த பில் போலவே தோன்றும்.

அதனால்தான் பார்ப்பது பெயரை இல்லை, முழு முகவரியை. பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து வந்தது எதுவும் ‘பில்’ ஃபோல்டருக்குப் போகாது. மெயில் பெட்டியிலேயே நிற்கும். உண்மையான கம்பெனியின் மெயிலையே யாராவது கைப்பற்றியிருந்தால் முகவரி சரியாகவே இருக்கும். எனவே பேங்க் விவரம் மாறினால், பழைய பில்லில் உள்ள போன் எண்ணில் கூப்பிட்டுப் பேசாமல் பணம் போடுவதில்லை. புது மெயிலில் உள்ள எண்ணில் கூப்பிடக் கூடாது. இதற்கு எந்த ஸ்கிரிப்டும் மாற்று இல்லை.

ஜிஎஸ்டி பக்கம் இந்த ஏற்பாடு நன்றாகவே கைகொடுக்கிறது. மாதாமாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) வந்துவிடும், 20-ஆம் தேதிக்குள் 3பி (நம் மாத வரிக் கணக்கு) தாக்கல் செய்ய வேண்டும். இடையில் உள்ள சில நாளில் 2பியில் இருப்பதும் நம் கையில் இருக்கும் பில்லும் பொருந்துகின்றனவா என்று ஆடிட்டர் பார்க்க வேண்டும். 15-ஆம் தேதி காலை மாத ஃபோல்டரின் லிங்க்கும் பில் பட்டியலும் அவருக்குத் தானாகவே போய்விடுகின்றன. ஒன்று மட்டும் கவனம்: மெயில் வந்த தேதியும் பில் தேதியும் ஒன்றாக இருக்காது. மே 30 பில் ஜூன் 2-ஆம் தேதி வரும். எனவே பில் தேதியை ஷீட்டில் கையால் சேர்க்கிறோம். பிடிஎஃப்பைப் படித்துத் தானாக எடுக்கலாம்தான், ஆனால் ஒவ்வொருவர் பில்லும் ஒவ்வொரு வடிவம். சிலது ஸ்கேன் செய்த படம். இந்த வேலைக்கு ஆள் கண்தான் வேகம்.

தேடுவதற்கு டிரைவே உதவும். அச்சடித்த எழுத்துள்ள படங்களையும் பிடிஎஃப்பையும் அது உள்ளே படித்து வைத்திருக்கும், சீட்டு எண்ணைத் தட்டினால் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடும். கையால் எழுதிய சீட்டுக்கு இதை நம்ப முடியாது. அங்கே ஃபார்மில் தட்டிய எண்தான் துணை.

வேறு வழிகள் இல்லையா என்றால், உண்டு. அலுவலகம் அவுட்லுக்கிலும் ஒன்டிரைவிலும் இருந்தால் மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டைப் பாருங்கள். 2019 வரை மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ என்று இருந்தது அதுதான். அட்டாச்மென்ட்டை ஒன்டிரைவில் சேமிக்க அதில் ஆயத்த வார்ப்பே இருக்கிறது, ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. ஜேப்பியர் (Zapier) போன்ற மூன்றாம் தரப்புச் சேவைகளும் எளிது, ஆனால் மாதத்துக்கு இத்தனை வேலைதான் என்று அளந்து காசு வாங்குவார்கள். சீசனில் மட்டும் பெருகும் எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. மேலும், 2019 மார்ச்சில் கூகுளின் புதிய விதிகளால் இஃப்ட் (IFTTT) என்ற தானியங்கிச் சேவையில் ‘ஜிமெயிலில் இது வந்தால் அதைச் செய்’ என்ற வசதியே நின்றுபோனது. அதை நம்பி ஓட்டியவர்கள் எல்லோரும் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. மெயிலும் ஃபைலும் ஒரே கம்பெனியிடம் இருந்தால் அவர்களுடைய கருவியிலேயே செய்வது நிலையானது என்று நான் நினைக்கிறேன்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் மென்பொருள் போட்டு ஓட்டுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கூகுளின் சர்வரில் ஓடுகிறது. எங்கள் பக்கம் கரண்ட் போனாலும் மெயில் எடுப்பது நிற்காது. போனிலிருந்து ஏற வேண்டிய படங்கள் மட்டும் சிக்னல் வரும்வரை காத்திருக்கும். கம்ப்யூட்டரோடு ஒத்திசைத்த டிரைவ் ஃபோல்டரில் இடம் போதவில்லை என்று யாராவது ஃபைல்களை அழித்தால் அவை டிரைவிலும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் பார்த்தால் மீட்கலாம்.

ஒரு ஸ்கிரிப்ட் யார் கணக்கில் அமைக்கப்பட்டதோ அவருடைய உரிமையில்தான் ஓடும். ஊழியர் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் அமைத்துவிட்டு வேலையை விட்டுப் போனால் எல்லாமே அவரோடு போய்விடும். பொதுக் கணக்கில் அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கணக்கின் இரண்டடுக்குச் சரிபார்ப்பு முதலாளியின் போனில் இருக்கட்டும், மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்துப் பெட்டியில் வைக்கட்டும்.

ஜூலை கடைசியில் கடைசி லோடு இறங்கியதும் செய்ய வேண்டியவை சில உண்டு. ஸ்கிரிப்டை நேரம் வைத்து ஓட வைக்கும் டிரிக்கர்களை நிறுத்துகிறோம். சீசன் ஃபோல்டரைப் பார்க்க மட்டும் முடியும்படி மாற்றுகிறோம். முழுப் பிரதி ஒன்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் இறக்கி, அது திறக்கிறதா என்று அங்கங்கே சில ஃபைல்களைத் திறந்து பார்க்கிறோம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டின் வருடாந்திரத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரதி சரியாக இருப்பது உறுதியான பிறகு, பொதுக் கணக்கில் பெரிய அட்டாச்மென்ட் உள்ள பழைய மெயில்களை நீக்கி இடம் உண்டாக்குகிறோம். விற்பனையாளர் முகவரிகள், வாங்குபவர் குறியீடுகள், ஃபோல்டர் எண்கள், பட்டியல் போகும் நேரம் எல்லாமே ஸ்கிரிப்டுக்குள் இல்லாமல் ஒரு அமைப்பு ஷீட்டில் இருக்கின்றன. அடுத்த மே மாதம் புது ஃபோல்டரின் எண்ணை அந்த ஷீட்டில் மாற்றி, டிரிக்கர்களைத் திரும்பப் போட்டு, தெரிந்த ஒரு விற்பனையாளரிடம் சோதனைக்கு ஒரு பில் அனுப்பச் சொன்னால் போதும்.